ஸ்கூல் ஹைடெக் லேப்ப சாயங்காலமும் தொறந்து விடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மேலூர் பக்கம் நர்சிங் முடிச்ச பிள்ளைக நெறையப் பேரு இப்ப ஜெர்மன் படிக்குதுக, எம் மகளும்தான். ஜெர்மனில நர்ஸா பதிவு பண்ண அந்த மொழில பொதுவா பி2 லெவல் கேக்குறாங்க, ஏ1ல ஆரம்பிச்சா அது நாலாவது படி. ஜெர்மன் மொழிக்கான கோத்தே நிறுவனம் நடத்துற பரீட்சைல வாசிக்க, கேக்க, எழுத, பேசன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா 100க்கு 60 எடுத்தாத்தான் பாஸ். நம்ம பிள்ளைக வாசிக்கிறதயும் எழுதுறதயும் எப்படியாச்சும் கரையேத்திருதுக, கேக்குறதுலயும் பேசுறதுலயும்தான் தட்டுது. மாட்டுத்தாவணிப் பக்கம் கிளாசுக்கு பஸ் ஏறிப் போனா ஒரு ரூமுக்குள்ள அத்தன பேரு, ஒருத்தி வாயத் தொறந்து ரெண்டு வரி பேசுறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருது, டீச்சரக் குறை சொல்லவும் முடியாது.

இதுக்குத்தான் கம்ப்யூட்டர் வேணும்ங்கிறேன். ஜெர்மன்ல ஒரு சத்தம் இருக்கு, நாக்க ஈன்னு சொல்ற எடத்துல வச்சுக்கிட்டு உதட்ட மட்டும் ஊன்னு குவிக்கணும், தமிழ்ல அது கெடையாது. எம் மக ஆடாசிட்டிங்கிற இலவச சாஃப்ட்வேர்ல அந்த நாட்டுக்காரங்க பேசுறத மேல போட்டு, தன் குரலக் கீழ பதிவு பண்ணி, மாத்தி மாத்திக் கேக்குறா. தான் சொன்னது வெறும் ஈயாவே இருக்குன்னு அவ காதே சொல்லிருது, மறுபடி சொல்லிப் பாக்குறா, சலிக்காம. நாப்பது பேரு உக்காந்த கிளாஸ்ல இதுக்கு எங்க நேரம்? டாய்ச்ச வெல்லேங்கிற ஜெர்மனி ஒலிபரப்பு நிறுவனம் ஏ1ல இருந்து பி1 வரைக்கும் வீடியோ பாடம் காசில்லாம தருது. ஆங்கின்னு வார்த்தை மனப்பாடம் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு, தெரிஞ்ச வார்த்தைய நாள் தள்ளிக் கேக்கும், தப்பு விட்டத சீக்கிரமே திரும்பக் கேக்கும்.

போன்லயே படிக்கலாமேம்பாங்க. வீட்டுக்கே ஒரு போனு, பக்கத்துல டிவி சத்தம், அதுல எப்படிங்க வாய் விட்டுப் பேசிப் பழகுறது? எழுத்துப் பரீட்சை மட்டும் 75 நிமிஷம், அதுக்கு போன்ல தட்டிப் பழகுனா ஆகுமா?

எங்க பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல்ல ஹைடெக் லேப்னு கம்ப்யூட்டர் ரூம் இருக்கு, இன்டர்நெட்டும் இருக்கு, சாயங்காலம் மணி அடிச்சா பூட்டுதான். அத ஆறுல இருந்து எட்டு வரைக்கும், சனிக்கிழமையும், வெளிநாட்டு மொழி படிக்கிறவங்களுக்குத் தொறந்து விடணும். ஜேஎல்பிடிங்கிற ஜப்பானிய மொழிப் பரீட்சை எழுதி ஜப்பான் போக நெனைக்கிற ஐடிஐ பயலுகளுக்கும் ஒதவும், அதுலயும் கேக்குறதுக்குன்னு தனிப் பகுதி இருக்கு. மைக் வச்ச ஹெட்செட் வேணும், லேப் பாத்துக்கிறவங்களுக்கு கூடுதல் சம்பளம் குடுக்கணும், சும்மா வேலை வாங்கக் கூடாது. வாரத்துல ஒரு நாளாச்சும் மொழி தெரிஞ்ச டீச்சர் வரணும், ஏன் தப்புன்னு பொறுமையா வெளங்க வைக்க மனுசங்க வேணும்ல.

கலெக்டர் அவர்களும் கல்வித்துறையும் மொதல்ல மேலூர்ல ஒரே ஒரு ஸ்கூல்ல ஆரம்பிச்சுப் பாக்கட்டும், டிசம்பர்ல ஜேஎல்பிடி வருது, அதுக்கு முன்னாடி தொறந்தா நல்லது.

இப்படிக்கு,
மேலூர் வாசகி