கணக்கு சாருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் கடிதம் கைக்கு வந்துவிட்டது. காது சரியாகக் கேட்காத என் மகள் அதே பள்ளியில், அதே வகுப்பில், அதே பிள்ளைகளோடு தொடர்ந்து படிக்கலாம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, அதனால் இந்த மடல் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று உங்களில் அநேகம் பேருக்குத் தெரியும், கூடவே இருந்தீர்கள். அதை மறுபடி கிளறும் தெம்பு எனக்கு இல்லை. நன்றி மட்டும் சொல்ல வந்தேன்.

முதல் நன்றி கணக்கு சாருக்கு. அவர் இதைப் படிப்பாரா என்று தெரியவில்லை, படித்தாலும் "இதெல்லாம் எதுக்கும்மா" என்றுதான் சொல்லப்போகிறார், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அவள் அங்கே தொடர்ந்து படிக்கலாமா என்று பேசப் பள்ளியில் நடந்த அந்தக் கூட்டத்தில் சார் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். அவளால் முடியுமா, அவளுக்கு எது நல்லது, மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடுமா என்றெல்லாம், அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க, எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். சார் ஓரமாக ஒரு நாற்காலியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நம் பக்கம் யார் யார் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்த நான் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார். என்னிடமோ அவள் அப்பாவிடமோ பேசவில்லை. அவள் முன்னால் வந்து, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டு, "என் கிளாஸ்ல உனக்கு எது கேட்கலை?" என்றார்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். இத்தனை நாளும் அவளைப் பற்றிய கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது நான்தானே. நான் சும்மா இருந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க பேசுறது பரவாயில்லை சார். பின்னாடி இருந்து யாராவது கேள்வி கேட்டா அது கேட்காது. நீங்க பதில் சொல்வீங்க, எதுக்குப் பதில்னு தெரியாது."

"சரி" என்றார். போய்விட்டார். அவ்வளவுதான்.

காதில் மெஷின் மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணாடி மாட்டுகிற மாதிரி இல்லை அது. பேச்சைப் பெரிதாக்கும்போது நாற்காலி இழுக்கிற சத்தத்தையும், மின்விசிறியையும், பக்கத்து வகுப்பின் இரைச்சலையும் சேர்த்தேதான் பெரிதாக்குகிறது. புதுக் கருவிகள் இரைச்சலை ஓரளவு வடிகட்டும், முழுக்க வடிகட்டாது. பேசுகிறவர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருந்தால் நன்றாக வேலை செய்யும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும், நான்கு சுவருக்குள் என்றால் எதிரொலியும் சேர்ந்து குழப்பும். ஆகவே முன் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்வி ஏதோ ஒரு சத்தம்தான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பார்கள். 'மணி' என்றாலும் 'பணி' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் அசையும், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். அதோடு, முதுகுக்குப் பின்னால் இருப்பவனின் உதட்டை எப்படிப் பார்ப்பது?

அடுத்த நாளிலிருந்து சார் ஒரே ஒரு வேலை செய்தார். எந்தப் பிள்ளை கேள்வி கேட்டாலும், வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, அந்தக் கேள்வியை ஒருமுறை தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் பதிலுக்குப் போனார். எந்தச் சுற்றறிக்கையும் இல்லை, பயிற்சியும் இல்லை, செலவும் இல்லை. இதைச் செய்கிறேன் என்று எங்களிடம் சொல்லக்கூட இல்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அந்த வாரத்தில் ஒருநாள் அவள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று சிரிக்கிறாள். "அம்மா, கீழே இருக்கிற நம்பர் பெரிசா இருந்தா பின்னமும் பெரிசுதானே சார்னு ஒருத்தன் கேட்டான்மா! எட்டுல ஒண்ணு, நாலுல ஒண்ணை விடப் பெரிசுன்னு அவன் நினைச்சிருக்கான்!" கேலி பண்ணுகிறாளோ என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள்: "நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். எனக்கு மட்டும்தான் புரியலைன்னு இருந்தேன்."

இதை வாசிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். இத்தனை வருடமும் வகுப்பில் அவளுக்கு ஓரளவாவது கேட்டதெல்லாம் சரியான பதில்கள் மட்டும்தான். மற்ற பிள்ளைகளின் சந்தேகம், உளறல், அசட்டுக் கேள்வி, அதற்குப் பின்னால் வரும் சிரிப்பு எதுவும் அவளுக்கு வந்து சேரவில்லை. சுற்றியிருக்கிற எல்லாருக்கும் எல்லாம் தெரியும், தான்தான் மக்கு என்றுதான் அந்த முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மதிப்பெண் குறைந்ததற்கு ஆயிரம் காரணம் சொன்னார்கள், இதை யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

நன்றி சொல்லப் போனபோது சார் சொன்னது: "இதுல என்னம்மா இருக்கு, கேள்வியைத் திருப்பிச் சொன்னா கேட்டவனுக்கே பாதி விளங்கிடுது. ஃபேன் சத்தத்துல பாதிப் பிள்ளைங்களுக்கு முன்னாடியும் கேள்வி காதுல விழுந்ததில்லைன்னு இப்பதான் தெரியுது."

வழக்கறிஞர் அக்கா கொண்டுவந்து கொடுத்த தாள்களை இப்போதுதான் நிதானமாகப் படிக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் கல்வி 24-ஆம் பிரிவில் வருகிறது, அது எல்லோருக்கும் தெரிந்தது. 7-ஆம் பிரிவை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் அந்தப் பிள்ளைகளே கருத்துச் சொல்லலாம், அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவுக்கு 2016-ல் வந்த விளக்கம் இன்னும் கறாராகப் பேசுகிறது. வாசலிலேயே தடுப்பது ஒன்று, தனியாக ஒதுக்கிவைத்துப் படிப்பிப்பது ஒன்று, உள்ளே விட்டுவிட்டு 'நீதான் எங்களுக்கு ஏற்ப மாறிக்கொள்ள வேண்டும்' என்பது ஒன்று, பள்ளியே தன்னை மாற்றிக்கொள்வது வேறு, கடைசியாகச் சொன்னதுதான் எல்லோரையும் உண்மையாகவே உள்ளடக்கிய கல்வி என்று பிரித்து வைத்திருக்கிறது. நாங்கள் வருடக்கணக்காக மூன்றாவதில் இருந்துகொண்டு, சேர்த்துக்கொண்டார்களே என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். சார் இந்தத் தாளையெல்லாம் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

சரி, மற்றவர்களை விட்டால் சண்டைக்கு வருவீர்கள். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுத்த வழக்கறிஞர் அக்காவுக்கு. மருத்துவ மொழியை மனுஷ மொழியில் எழுதிக் கொடுத்த செவித்திறன் நிபுணருக்கு. பழைய டென்னிஸ் பந்துகளைச் சேகரித்து, கீறி, வகுப்பு நாற்காலிகளின் கால்களில் மாட்டி அந்தக் கிறீச்சிடும் சத்தத்தையே ஒழித்த பெற்றோர்களுக்கு. விசில் ஊதும்போதே கையையும் வீசி இறக்கும் விளையாட்டு டீச்சருக்கு. நீச்சலுக்கு மெஷினைக் கழற்றிய பிறகு அவளோடு சைகையில் பேசுவதற்காகவே தானும் சைகை கற்றுக்கொண்ட பயிற்சியாளருக்கு. வாரக் கடைசியில் தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சைகை மொழி சொல்லித் தரும் அந்தத் தம்பிக்கு (பேச்சு வரும் பிள்ளைக்குச் சைகை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவன் பதிலே சொல்லாமல் சிரித்தான், நானும் சிரித்துவைக்கிறேன்). கையெழுத்துப் போட்டவர்கள், போடாவிட்டாலும் வந்து நின்றவர்கள், எல்லோருக்கும். அப்புறம் அந்தக் குட்டிப் பட்டாளத்துக்கு. இருட்டிய பிறகும் ஆட்டத்தை நிறுத்த மனமில்லாமல், அவளோடு பேச வேண்டும் என்றால் டார்ச்சைத் தங்கள் முகத்திலேயே அடித்துக்கொண்டு பேசுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்க்கப் பேய் மாதிரி இருக்கும், அதுவும் அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

வேலை முடியவில்லை என்பது எனக்கும் தெரியும். எல்லா வகுப்பிலும் கணக்கு சார் இல்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பாடங்கள் இன்னும் இருக்கின்றன, ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும். இந்த முறை நான் சொல்லப் போவதில்லை, அவள் சொல்வாள், நான் பக்கத்தில் நிற்பேன்.

இன்னொன்று. அந்த மாதிரிக் கூட்டத்துக்கு உங்களில் யாருக்காவது அழைப்பு வந்தால், எந்தக் குறைபாடாக இருந்தாலும் சரி, தனியாகப் போகாதீர்கள். எனக்கு ஒரு போன் போடுங்கள். அக்கா கொடுத்த தாள்களோடு வந்து உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் கேள்வியைப் பிள்ளையிடமே கேட்கச் சொல்லி நான் சண்டை போடுகிறேன்.