டர்போவை மாட்டும் முன்பு கியரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஓர் இளைஞர் என் பட்டறைக்கு வந்தார். பழைய பெட்ரோல் ஜீப்பில் டர்போ ஒன்றை (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டிவிட்டால் எந்த ஏற்றமும் ஏறிவிடும் என்று முடிகிற பத்திக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். எந்த கிட் வாங்குவது என்பதைக்கூட முடிவு செய்துவிட்டார். மாட்டித் தர முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி. முடியாது என்று சொன்னேன். அந்தப் பத்தியை நம்பி இன்னும் பலர் இறங்கக்கூடும் என்பதால், அவரிடம் சொன்ன காரணத்தை உங்கள் வாசகர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

26 வருடங்களாக பெட்ரோல் இன்ஜின்களைக் கழற்றி மாட்டுவதுதான் என் தொழில். விடுமுறை கிடைத்தால் என் ஃபோர்வீல் ஜீப்பை எடுத்துக்கொண்டு கல்லும் மணலுமாகக் கிடக்கும் இடங்களுக்குப் போய்விடுவேன். 11 வருடங்களுக்கு முன்பு அந்த இளைஞர் இப்போது கேட்பதை நானே என் ஜீப்பில் செய்து பார்த்தேன். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம், 9.5-க்கு 1 இருந்த இன்ஜின். ஹெட்டைத் தொடாமல், பிஸ்டனை மாற்றாமல், டர்போவை மட்டும் மாட்டினேன். தார்ச்சாலையில் ஓட்டியபோது வண்டி புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தது. அந்த உணர்வை நான் மறுக்கவே மாட்டேன்.

கல் படிகளில் ஏற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. முன் சக்கரம் முழங்கால் உயரக் கல்லில் முட்டி நிற்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடுகிறது. அந்த வேகத்தில் வெளியேறும் புகைக்கு டர்போவின் சக்கரத்தைச் சுழற்றும் தெம்பு கிடையாது. மிதியை அழுத்துகிறேன், வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்துகிறேன். சுற்று 3000-ஐத் தொட்டதும் அந்த விசில் சத்தம் எழும்பி, இழுவை மொத்தமாக ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. பின் சக்கரம் பிடி விட்டுச் சுழன்று, மறு நொடியே கல்லைக் கவ்வியது. படீர் என்று ஒரு சத்தம், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. கல்லில் வேண்டியது மில்லிமீட்டர் கணக்கில் கால் அசைத்தால் அதே அளவு அசைகிற இழுவை. அப்படி மாட்டிய டர்போ அதைத் தரவில்லை.

மூன்றாம் மாதம் அதைவிடப் பெரிய சேதம். நல்ல வெயிலில் ஒரு நீண்ட ஏற்றம், முக்கால் மணி நேரம் நடை வேகத்தில். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைப்பதே ஃபேன் தயவால்தான். பாதி வழியில், டப்பாவுக்குள் சிறு ஆணிகளைக் குலுக்கியது போன்ற ஒரு ஓசை. நாக்கிங் (பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) என்று தெரிந்தும், உச்சிக்குப் போய்விடலாம் என்று ஓட்டினேன். இறங்கி வந்தபோது ஆயில் ஊற்றும் வாய் வழியாகப் புகை. மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கான் மேல் வெள்ளிப்பொடி தூவினாற்போல் மினுமினு என்று புள்ளிகள். அது பிஸ்டனின் அலுமினியம். திறந்து பார்த்தபோது முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரப்பு, விரல் நகம் அகலத்துக்கு உடைந்து கிடந்தது. அந்தப் பிஸ்டனை இன்றும் மேசை மேல் வைத்திருக்கிறேன். இளைஞரின் கையில் கொடுத்ததும் கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

காரணம் எளிமையானது. டர்போ காற்றை அமுக்கினால் காற்று சூடாகும். ஏற்கெனவே அதிகக் கம்ப்ரெஷன் உள்ள சிலிண்டர் அந்தச் சூடான காற்றை மேலும் அமுக்கும். அப்போது மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை, தீச்சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கும். டீசல் இன்ஜினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது காற்றை மட்டும் அமுக்கிவிட்டு, வேண்டிய நேரத்தில்தான் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. டீசலில் டர்போ இவ்வளவு நன்றாக உழைக்கிறதே, பெட்ரோலில் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பெரிய நிறுவனங்களே இதில் திண்டாடியிருக்கின்றன. 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவுடன் வந்தது. அதன் கம்ப்ரெஷன் 10.25-க்கு 1. நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் செலுத்தினார்கள். திரவத் தொட்டியை நிரப்ப உரிமையாளர்கள் மறந்துபோனார்கள். 1963-உடன் அந்த கார் நின்றது. பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள்.

சரி, உண்மையில் எவ்வளவு சக்திதான் வேண்டும்? ஒரு தாளில் இளைஞருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1500 கிலோ வண்டி, 30 டிகிரி ஏற்றம், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். வண்டியின் எடையை மேலே தூக்க 10 கிலோவாட், அதாவது 14 குதிரைத்திறன் போதும். மண்ணின் தடையையும் கியர்களில் வீணாவதையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 20 குதிரைத்திறன்தான் வரும். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் இருந்ததே 60 குதிரைத்திறன்தான். அது ஏறியதற்குக் காரணம் கியர். முதல் கியர் 2.665, லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) 1.97, ஆக்சில் 4.88. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 25.6. இன்ஜினின் முறுக்குவிசை 25 மடங்குக்கு மேல் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது.

இதே கணக்கை நம் வண்டிக்கும் போடலாம். இன்ஜின் 1500 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, மொத்தப் பெருக்கம் 28 என்றால் சக்கரத்தில் 2800. டர்போ போட்டு 40 சதவீதம் கூட்டினால் 3920. அதுவும் டர்போ விழித்த பிறகுதான். லோ ரேஞ்ச் விகிதத்தை 2-இலிருந்து 4-க்கு மாற்றினால், அதே பழைய இன்ஜினிலேயே, மிதியைத் தொட்ட கணத்திலிருந்தே 5600. ஜீப் ராங்லர் ருபிகானில் 4-க்கு 1 ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (லோ ரேஞ்ச் கியர் இருக்கும் பெட்டி) வைத்திருப்பது இதற்காகத்தான். அப்புறம், ஏறியவன் இறங்கவும் வேண்டுமே! செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியர்தான். டர்போ அங்கே ஒரு உதவியும் செய்யாது.

பேசிக்கொண்டே அவருடைய ஜீப்பைச் சுற்றி வந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டிருந்தார். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் சக்கரம் பெரிதானால் தரையில் கிடைக்கும் இழுவை அதே விகிதத்தில் குறையும், இங்கே கிட்டத்தட்ட பத்து சதவீதம். "டயர் போட்டதிலிருந்துதான் வண்டி சோம்பலாகிவிட்டது" என்று அவரே ஒப்புக்கொண்டார். என்னிடம் டர்போ கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் கதை இதுதான். இன்ஜினில் குறை எதுவும் இருக்காது. டயரை மாற்றியபோது ஆக்சில் விகிதத்தை முடிவு செய்யும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியையும் மாற்றியிருக்க வேண்டும், அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டர்போவே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. உங்கள் கட்டுரையாளர் சொன்னதில் இரண்டு இடங்கள் சரி. ஒன்று உயரம். 1000 மீட்டர் ஏறும்போதெல்லாம் டர்போ இல்லாத இன்ஜின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 1918-இல் அமெரிக்காவில், 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு ஒரு லிபர்டி விமான இன்ஜினைக் கொண்டுபோய் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த பெட்ரோல் இன்ஜின் அங்கே 230-க்கு இறங்கியது. டர்போ மாட்டியதும் 356. இன்னொன்று மணல். மென்மையான மணலில் தடை வண்டி எடையின் கால் பங்குகூட இருக்கலாம். அதே 1500 கிலோ வண்டியை மணிக்கு 40 கிலோமீட்டரில் நிற்காமல் நகர்த்த, சமதளத்திலேயே 55 குதிரைத்திறன் சக்கரத்துக்கு வர வேண்டும். மணல்மேடு என்றால் அதற்கும் மேல். அங்கே இன்ஜின் உச்ச சுற்றில்தான் ஓடும், டர்போ தூங்காது. ஆனாலும் மணலில் இறங்கும் முன்பு முதல் வேலை டயர் காற்றைக் குறைப்பதுதான்.

தொழிற்சாலையிலேயே டர்போவுக்கென்று வடிவமைத்த பெட்ரோல் இன்ஜின்களும் வேறு ஜாதி. பலமான பிஸ்டன், அதற்குக் கீழிருந்து ஆயில் பீய்ச்சும் குழாய், அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், நாக்கிங்கைக் கேட்டவுடன் தீப்பொறியைத் தாமதிக்கும் சென்சார் என்று எல்லாம் சேர்ந்து வருகின்றன. சிறிய டர்போ என்பதால் தாழ்ந்த சுற்றிலேயே எழுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டியிருக்கிறேன், மனதாரப் பாராட்டுகிறேன். அந்த அனுபவத்தை ஒரு டர்போவை மட்டும் வாங்கிப் பழைய இன்ஜினில் மாட்டிப் பெற முடியாது.

ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. வாகனப் பக்கத்தில் ஃபோர்வீல் வண்டிகளைப் பற்றி எழுதும்போது குதிரைத்திறனை மட்டும் பெரிய எழுத்தில் போடாதீர்கள். லோ ரேஞ்ச் விகிதம், ஆக்சில் விகிதம், முழு இழுவை எந்தச் சுற்றில் தொடங்குகிறது, எந்த ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோல் வேண்டும் என்ற நான்கையும் சேர்த்துப் போடுங்கள். டர்போ கிட் பற்றி எழுதினால் இன்ஜினின் கம்ப்ரெஷனைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

அந்த இளைஞர் வரும் சனிக்கிழமை மறுபடி வருகிறார். அதற்குள் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கியரை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னேன். அந்த எண்தான் ஆக்சில் விகிதம். அதைப் பார்த்துத்தான் எந்தக் கிரவுன் பினியன் வாங்குவது என்று முடிவு செய்யப்போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் ஒரு மெக்கானிக்