துப்பறிய ஒரு குழியானை போதும்: சிறார் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பள்ளிக்கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ‘பற’ முடித்த பிள்ளை “அடுத்து?” என்று வந்து நின்றால் எடுத்துக் கொடுக்க அலமாரியில் அதிகமில்லை. ஒரு பக்கம் படக்கதைகள், இன்னொரு பக்கம் கனமான நாவல்கள். தினம் ஓர் அத்தியாயம் என்று ஒரு வாரம் இழுத்துக்கொண்டு போகிற கதைகள்தான் எட்டு, ஒன்பது வயதுக்குத் தேவை.

அதிலும் துப்பறியும் கதையாகக் கேட்கிறார்கள். கடத்தல்காரன், கத்தி, கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கும் போலீஸ் ஜீப் எல்லாம் வேண்டாம். ‘இதைச் செய்தது யார்?’ என்று ஒரு கேள்வி போதும். விடை பூச்சியாகவோ பறவையாகவோ இருக்கட்டும்.

மண்ணில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழியானைப் பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தாழ்வாரத்தின் ஓரம், மழை படாத பொடிமண்ணில், புனலை வைத்து அழுத்தி எடுத்ததுபோல வரிசையாகக் குழிகள். முதல் அத்தியாயம் அங்கேயே தொடங்கிவிடும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைக்கிறது, சறுக்குகிறது, தட்டுத்தடுமாறி ஏறப் பார்க்கிறது. அடியிலிருந்து யாரோ மண்ணை விசிறி அடிக்கிறார்கள்! அப்புறம் எறும்பைக் காணோம். சாறு உறிஞ்சப்பட்ட வெற்றுக்கூடு மட்டும் குழிக்கு வெளியே கிடக்கிறது. ஆளைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நடக்கிறார். சரி, பிடித்தாயிற்று என்று பிள்ளைகள் நினைக்கும்போது ஒரு குழி காலியாகிறது. அடியில் மண்ணும் பட்டிழையும் சேர்ந்த ஒரு சின்ன உருண்டை. சில வாரங்கள் கழித்து ஓர் இரவு, டியூப்லைட்டைச் சுற்றித் தட்டான் மாதிரி ஒன்று பறக்கிறது. தட்டானுக்கு உணர்கொம்பு மயிரிழை அளவுதான். இதற்கோ நீண்டு, நுனி தடித்திருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்த பிள்ளைதான், இது வளர்ந்து சிறகு முளைத்த குழியானை என்று வழக்கை முடித்துவைக்கும். தகவலே தடயமாகிவிட்டதால் பாடம் நடத்த இங்கே யாரும் வர வேண்டியதில்லை.

நம் புத்தகங்களில் நடப்பது வேறு. கதை சூடுபிடிக்கிற இடத்தில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு சாம்பல் நிறக் கட்டம் குறுக்கே வரும். இல்லையென்றால் விஞ்ஞானி மாமா ஒருவர் ஊரிலிருந்து வந்து ஒன்றரைப் பக்கம் பேசுவார். பிள்ளைகள் கட்டத்தையும் தாண்டிவிடுகிறார்கள், மாமாவையும் தாண்டிவிடுகிறார்கள். நானும்தான்.

பிழைகளையும் சொல்ல வேண்டும். பெண்குயில் பாடுகிறது, தாய்த் தூக்கணாங்குருவி குஞ்சுகளுக்காகக் கூடு பின்னுகிறது என்று இன்னும் அச்சாகிறது. கூ... கூ... என்று குரலை உயர்த்திக்கொண்டே போவது கறுத்த உடம்பும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பெண் காக்கைக் கூட்டில் முட்டையிடப் பார்த்துக்கொண்டிருக்கும். தூக்கணாங்குருவியிலும் பின்னுவது ஆண்தான். பாதி பின்னியதைப் பெண் வந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே தொங்கும். ‘முடிக்காத கூடுகள்’ என்று தலைப்பு வைத்து ஒரு புத்தகமே எழுதலாம், சரியாகத் தெரிந்துகொண்டால்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும், கோட்டோவியம் கறுப்பு வெள்ளையிலேயே போதும், வழவழ தாளைப் போட்டு விலையை ஏற்றாதீர்கள். பறவைக்கும் பூச்சிக்கும் வட்டாரத்தில் புழங்கும் பெயரையே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஜனவரியில் நீங்கள் புத்தகக் காட்சி அரங்கில் இருக்கும் அதே நாட்களில், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக ஏரிக்கரைகளில் பலர் நடந்துகொண்டிருப்பார்கள். உங்கள் மாவட்டத்திலும் இருப்பார்கள். அடுத்த கதையை அச்சுக்கு அனுப்புமுன் அவர்களில் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். படித்துத் திருத்தித் தந்தவருக்கு ஊதியமும் கொடுங்கள், புத்தகத்தில் பெயரும் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு நூலக வாசகர்