டோக்கிட்டேவுக்காக வந்த மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் வட அமெரிக்கப் பழங்குடிக் கலை பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் லம்மி பழங்குடி மக்கள் செதுக்கிய ஓர்கா திமிங்கல மரச்சிற்பத்துக்குக் கீழே 'அழகிய கைவினைப் பொருள்' என்று போட்டிருந்தீர்களே, அதுதான் உறுத்தியது. அந்த மரத்தைக் கையால் தொட்டவன் நான்.

2018 மே மாதம். வாஷிங்டன் மாநிலத்தில் செடார் மரத்தில் செதுக்கிய திமிங்கலத்தை வண்டியில் ஏற்றி, நாட்டின் மறுகோடியான மயாமிக்குக் கொண்டுவந்தார்கள். செதுக்கிய குழுவின் பெயரே 'கண்ணீர் இல்லம்'. மயாமியில் ஒரு தொட்டியில் டோக்கிட்டே என்ற பெண் ஓர்கா இருந்தது. 1970-ல் வாஷிங்டன் மாநிலத்துப் பென் கோவ் விரிகுடாவில் சிறுவயதில் பிடிபட்டது. அந்த வேட்டையில் வலையில் சிக்கிச் செத்த குட்டிகளின் வயிற்றைக் கிழித்து, கல்லைத் திணித்து, கடலில் அமிழ்த்தினார்கள், வெளியே தெரியக்கூடாதென்று. ஓர்காவுக்கு லம்மி மொழியில் உள்ள பெயருக்கு 'அலைக்கடியில் வாழும் எங்கள் உறவினர்' என்று பொருள். நாம் எழுதுவதோ 'கொலையாளித் திமிங்கலம்'! சரி, உறவுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனால் சும்மா இருப்பார்களா? திருப்பிக் கேட்கத்தான் மரத்தோடு வந்தார்கள். மரத்தில் கை வைக்க எல்லோரையும் அழைத்தார்கள்.

நானும் வரிசையில் நின்றேன். வெயிலில் மரம் சுட்டது. உளித்தடம் விரலில் தட்டுப்பட்டது. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. ஏனென்றால் 12 வருடம் முன்பு, மகனை மடியில் வைத்துக்கொண்டு அதே டோக்கிட்டேயின் ஆட்டத்துக்குக் கைதட்டியிருக்கிறேன். அது துள்ளி விழுந்ததில் சட்டையெல்லாம் நனைந்து, சிரித்தோம். கூட்டம் கலைந்த பிறகும் பையன் நகரவில்லை. ஒரு ஐஸ்கிரீம் தின்று முடிப்பதற்குள் அது தொட்டியை 11 முறை சுற்றியதாம். எண்ணியது அவன்தான். நான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டோக்கிட்டே உயிரோடு ஊர் திரும்பவில்லை. 53 வருடம் அடைபட்டுக் கிடந்து, 2023 ஆகஸ்ட் 18 அன்று இறந்தது. அடுத்த மாதம் அதன் அஸ்தியை லம்மி மக்கள் வாங்கிப்போய்த் தங்கள் கடலில் கரைத்தார்கள். அதன் சொந்தக் கூட்டத்தில் இன்று எண்பதுகூட மிச்சமில்லை. அவை தின்னும் சினூக் சால்மன் மீன் அருகிவிட்டது. லம்மி மக்களுக்கும் சால்மன்தான் ஆதி உணவு.

இணையப் பதிப்பிலாவது அந்தப் படக்குறிப்பை மாற்றிவிடுங்கள். 'டோக்கிட்டேவை மீட்க லம்மி மக்கள் செதுக்கியது, 2018' என்று போட்டால் போதும்.

தங்கள் வாசகன்,
ஃபுளோரிடா