ஹேங்கர் கதவை எது நிறுத்தும் என்று எழுதுங்கள்

ஹேங்கர் எனப்படும் விமானப் பராமரிப்புக் கூடங்களுக்கு டெண்டர் ஆவணம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கூரை எஃகுக்கும் தீயணைப்புக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். கதவு என்று வந்ததும் "மின்சாரத்தால் இயங்கும் சறுக்குக் கதவு, பொத்தான் வசதியுடன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். மிகக் குறைந்த விலை கேட்பவர் அந்த வரிக்கு என்ன தருவார்? ஒருமுறை தட்டினால் கடைசி வரை ஓடும் கதவைத் தருவார்.

ஏர்பஸ் ஏ320 விமானம் ஒரு இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 36 மீட்டர். வால் உயரம் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை உள்ளே விடும் கதவில் ஒவ்வொரு பலகையும் பல டன் இருக்கும். நடக்கும் வேகத்தைவிட மெதுவாகத்தான் நகரும், ஆனால் கையால் தடுக்க முடியாது. வேகத்தைப் பாதியாக்கினால் மோதும் ஆற்றல் கால்பங்காகும். ஆகவே உச்ச வேகத்தை நீங்களே எழுதுங்கள், விற்பவரிடம் விடாதீர்கள்.

அதைவிட முக்கியம், விரலை எடுத்த கணமே கதவு நிற்க வேண்டும். பொத்தான் அந்தந்தப் பலகையிலேயே, நகரும் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். தூரத்து அறையிலிருந்து இயக்கும் வசதி வேண்டவே வேண்டாம். உள்ளே நிற்பவருக்கு வெளியே இருப்பவர் தெரியமாட்டார். சங்கும் சுழல்விளக்கும் அதற்காகத்தான். பொத்தானில் மரக்குச்சியைச் செருகிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அழுத்தம் இயல்பான நேரத்தைத் தாண்டியும் விடாமல் நீடித்தால் தானே துண்டித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் கேளுங்கள்.

விளிம்பில் பொருத்தும் அழுத்த உணர்விக்கு "இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. தொட்ட பிறகு பலகை எத்தனை மில்லிமீட்டர் ஓடி நிற்கிறதோ, அதைவிட அதிகமாக அந்த ரப்பர் அமுங்க வேண்டும். அதன் கம்பி அறுந்தாலும் கதவு நிற்க வேண்டும். நடுவில் சிறு ஆள்வாசல் திறந்திருந்தால் பலகை அசையவே கூடாது. நின்றிருக்கும் பலகையை ஓடும் பலகை கடக்கும் இடுக்கையும் மறக்காதீர்கள்.

எரிபொருள் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அமெரிக்க மின்விதிகள் ஹேங்கர் தரையிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரம் வரை மின்பொறியால் தீப்பற்றக்கூடிய அபாயப் பகுதி என்கின்றன. தரைக்குக் கீழுள்ள பள்ளம் அதைவிடக் கடுமையான வகை. நம் வரைபடங்களிலோ, கதவு கடைசியை எட்டியதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் தண்டவாளப் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! கடலோர நகரங்களில் வெள்ளமும் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலைய ஓடுபாதையிலேயே நீர் நின்றது.

காற்றுக்கும் ஒரு வரம்பு குறியுங்கள். 12 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரமுள்ள பலகையில் மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று ஏறத்தாழ 4 டன் விசையோடு பக்கவாட்டில் அழுத்தும். எந்த வேகத்துக்கு மேல் கதவைப் பூட்டிவைக்க வேண்டும் என்று ஆவணம் சொல்லட்டும்.

தீப்பிடித்துக் கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டித்தாலும் கதவுக்கான தனி இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். அதுவும் போனால், பிரேக்கை விடுவித்து டிராக்டரால் இழுக்கும் கொக்கி வேண்டும். ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு பலகையையும் முழு வேகத்தில் ஓட்டி, விளிம்பைத் தொட்டு, நிற்கும் தூரத்தை அளந்து காட்டிய பிறகே இறுதித் தவணையை விடுவியுங்கள்.

இப்படிக்கு,
கதவுக் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு வயரிங் செய்யும் ஒரு மின்பொறியாளர்