யூரியா சாக்கில் வந்த கரிசல்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் தம்பி அனுப்பிய கரிசல் மண்ணும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. கடையில் விற்கும் ஹியூமிக் ஆசிட் வாங்கிப் போடலாமா என்று தம்பி கேட்டிருந்ததையும் படித்தேன். பதில் தாமதமானதற்குக் காரணம் அந்த மண்தான். ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. அங்கே ஒரு மாணவி நீலகிரி சோலைக்காட்டு மண்ணிலிருந்து ஹியூமிக் அமிலம், அதாவது மட்கிலிருந்து காரத்தில் கரைந்து வரும் கறுப்புப் பொருளை, பிரித்துக்கொண்டிருக்கிறாள். அதோடு கரிசலையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தோம்.

கரிசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றியதும் சோடா மாதிரி பொங்கியது. அத்தனையும் சுண்ணாம்பு. மட்கைக் களியோடு கட்டிப்போட்டிருப்பது கால்சியம், அதை முதலில் கழுவியாக வேண்டும். அப்புறம் ஒரு பங்கு மண்ணுக்குப் பத்துப் பங்கு 0.1 மோலார் காஸ்டிக் சோடா ஊற்றி, நைட்ரஜன் வாயுவில் வைத்து, நாலு மணி நேரம் குலுக்கினோம். சோலை மண் முதல் டிகாஷன் போல இறங்கியது. உங்கள் கரிசலில் களிதான் கலங்கி மிதந்தது. சென்ட்ரிஃபியூஜில் இரண்டு தடவை சுற்றியும் தெளியவில்லை. கடைசியில் கிடைத்தது நகக்கண் அளவு. கறுப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, கரிசலில் கரிமக் கார்பன் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான்.

எனக்கு இன்றும் அலுக்காத இடம் ஒன்று உண்டு. வடித்த கறுப்புத் தண்ணீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகாது. பிறகு பால் திரிவதுபோலத் துகள் துகளாகக் கட்டும். பி.எச். 1-இல் நிறுத்தி ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம். காலையில் அடியில் கறுப்பு வண்டல், மேலே வெளிறிய தேநீர். வண்டல் ஹியூமிக் அமிலம், தேநீர் ஃபுல்விக் பகுதி. இரண்டுக்கும் இலக்கணமே அமிலத்தில் படிகிறதா, படியவில்லையா என்பதுதான். பின்னாளில் பீட்கிழங்கில் சர்க்கரை எடுத்துப் பேர் வாங்கிய ஃபிரான்ஸ் கார்ல் அஷார்ட் 1786-இல் சதுப்பு நிலத்துக் கரிமண்ணை வைத்துச் செய்ததும் இதையேதான்.

சுத்தம் செய்வது பெரிய பாடு. ஒட்டியிருக்கும் களியை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். கண்ணாடியைத் தின்றுவிடும் என்பதால் எல்லாம் பிளாஸ்டிக் பாத்திரம். அப்புறம் உப்பு மட்டும் வெளியே கசியும் டயாலிசிஸ் பையில் கட்டி, சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளையாகக் கலங்காத வரை, அதாவது குளோரைடு போகும் வரை, தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோலை மண்ணுக்கு 465, 665 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல்களின் விகிதம் ஐந்துக்குக் கீழே வந்தது, ஹியூமிக் அமிலத்துக்கு வர வேண்டியதுதான். அகச்சிவப்பு வரைபடத்தில் 1720 செ.மீ⁻¹-இல் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதி தோள் தட்டி நிற்கிறது.

சரி, ஒரு பழைய பாவத்தைச் சொல்கிறேன். 1984-இல் எம்.எஸ்சி. படித்தபோது நமக்கு நைட்ரஜன் சிலிண்டர் ஏது? காரக் கரைசலைத் திறந்த குடுவையிலேயே ராத்திரி விட்டுப் போனோம். காலையில் இன்னும் கறுத்திருந்தது. "நல்லா இறங்கியிருக்குடி" என்று நீ குதித்தாய், நானும் ரெக்கார்டில் அப்படியே எழுதினேன். காரத்தில் காற்றுப் பட்டால் ஃபீனால்கள் ஆக்ஸிஜனேறிக் கறுக்கும். அந்தக் கறுப்பில் ஒரு பங்கு நாமே சமைத்தது!

இதையே பெரிதாகக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். நாம் ஊற்றும் காரத்தின் பி.எச். 13, அதில் எந்த மண்ணும் இருப்பதில்லை. அப்படியிருக்க அங்கே கிடைப்பதை மண்ணில் இருப்பது என்று எப்படிச் சொல்வது? ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நோபல் வாங்கிய வாக்ஸ்மன், 1936-லேயே ஹியூமிக் அமிலம் என்ற பெயரையே விட்டுவிடலாம் என்றார். 2015-இல் லேமன், கிளெபர் என்ற இரண்டு மண் ஆய்வாளர்கள் மண்ணில் இருப்பது சிதைவின் பல படிகளில் நிற்கும் சாதாரணப் பொருள்கள்தான், தனியாக ஹியூமிக் மூலக்கூறு என்று ஒன்று இல்லை என்று எழுதினார்கள். மாணவி அதைப் படித்துவிட்டு, "மேடம், அப்போ என் தீசிஸ்?" என்று கலங்கிப் போனாள். தலைப்பில் 'காரத்தில் பிரியும் பகுதி' என்று போட்டுக்கொள் என்றேன். எனக்கு அவர்கள் சொல்வது சரி என்றே படுகிறது. ஆனால் ஒரே முறையில் பிரித்தால் இரண்டு மண்ணை ஒப்பிடலாமே, அந்த வசதியை நான் விடமாட்டேன்.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். கடையில் விற்கும் ஹியூமிக் ஆசிட் மண்ணிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியைப் பொட்டாசியம் காரத்தில் கரைத்து எடுப்பது. நெய்வேலிக் கரியிலும் எடுக்கலாம். சோதனை சுலபம். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் முழுக்கக் கரைய வேண்டும். அந்தக் கரைசலில் அமிலச் சொட்டு விட்டால் திரிய வேண்டும். வெறும் கரித்தூள் என்றால் கரையாமல் அடியில் போய் உட்காரும். கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம் என்று சொல், கட்டி தட்டிச் சொட்டுநீர்க் குழாயை அடைத்துவிடும். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு ராத்திரி கூடுதலாக ஆட்டுக்கிடை போடலாம்.

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஆவணியில் வருகிறேன், நாமே வயலில் இறங்கி 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி மண் எடுப்போம். தம்பி இந்தத் தடவை யூரியா சாக்கில் கட்டி அனுப்பிவிட்டான், மொத்த நைட்ரஜன் பார்க்கவே முடியவில்லை. ஒரு துணிப்பையைத் துவைத்து வை.

உன்,
கல்யாணி