மருந்துதான் வந்துருச்சேன்னு எங்க அண்ணன் சொல்றார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல ‘குடல் புற்றுநோய்க்கு மருந்து, அனைவரும் குணம்’னு பெருசா தலைப்பு போட்டிருந்தீங்க. எங்க அண்ணனுக்கு 58 வயசு, மூணு வருஷமா டெஸ்ட் எடுங்கண்ணேன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன், அவர் கோப்பிக்கடைல அந்த பேப்பர மடிச்சு என் முன்னாடி வச்சு “மருந்துதான் வந்துருச்சேம்மா, இனி எதுக்கு அதெல்லாம்”னு சொல்லிட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அந்த செய்தில வந்த டோஸ்டார்லிமாப் மருந்து பத்தி உங்களுக்கு தெரியாததில்ல. நியூயார்க்ல மூணு வாரத்துக்கு ஒரு தடவனு ஆறு மாசம் ஏத்தி, 2022ல முடிவு சொன்னப்ப 12 பேருக்கும் கட்டி மறைஞ்சிருந்துச்சு, ஆபரேஷன் இல்ல ரேடியேஷன் இல்ல. பெரிய விஷயம்தான், படிச்சப்ப நானும் அழுதேன். ஆனா அவங்களுக்கு இருந்தது மலக்குடல் கட்டி, அதுலயும் செல்லுக்குள்ள டிஎன்ஏ பிழைய திருத்துற வேல கெட்டுப்போன வகை, மலக்குடல் புற்றுநோய் வந்த நூறு பேர்ல அஞ்சு பத்து பேருக்குத்தான் அப்படி இருக்கும். அத கடைசி பாராவுல ஒரு வரியா போட்டீங்க. அண்ணன் அது வரைக்கும் போகல.

என் வீட்டுக்காரருக்கும் குடல் புற்றுநோய்தான், ஆனா அந்த வகை இல்ல. 54 வயசுல ரத்தம் போச்சு, ஒரு கிளினிக்ல மூலம்னு சொல்லி களிம்பு குடுத்தாங்க, எட்டு மாசம் அதயே தடவிக்கிட்டு இருந்தார், மலத்துல ரத்தம் இருக்கான்னு பாக்க இலவசமா வாங்கின எஃப்ஐடி கிட் அத்தன நாளும் பிரிக்காம ஃப்ரிட்ஜ் மேல கிடந்துச்சு. கண்டுபிடிச்சப்ப ஸ்டேஜ் 3. மலம் வெளிய வர்றதுக்கு வயித்துல பை வச்சாங்க, அப்புறம் கீமோ, அதுல ஆக்ஸாலிபிளாட்டின்ங்கற மருந்து ஏத்துனா ஃப்ரிட்ஜ்ல கை வைக்க முடியாது, பச்சத்தண்ணி குடிச்சா தொண்டைல ஊசி குத்தும்பார். அந்த பைய மாத்துன கை இது ஐயா, அதான் தலைப்பு இவ்வளவு சுடுது.

2025ல இன்னொரு ஆராய்ச்சி வந்துச்சு, 889 பேர், கீமோ முடிச்சவங்கள்ல பாதிப்பேர மூணு வருஷம் ஒழுங்கா உடற்பயிற்சி செய்ய வச்சாங்க, அஞ்சு வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க அதுல 80 சதவீதம், செய்யாதவங்கள்ல 74. என் வீட்டுக்காரர் தினமும் காலைல பிளாக்க சுத்தி நடக்கறதே அத படிச்சுட்டுத்தான். உங்க பக்கத்துல அது ஒரு வரி கூட வரல. தீபாவளி வந்தா நகைக்கடைக்கு எத்தன பக்கம் போகுது.

அப்புறம் டெஸ்டுக்கு எடுக்கற மலத்த உங்க பேப்பர்ல ‘கழிவு மாதிரி’னு போடறீங்க. மலம்னு எழுத ஏன் கூச்சப்படறீங்க? எங்க அம்மா அத படிச்சுட்டு குப்பையவா எடுத்துட்டு போகணும்னு கேட்டாங்க. இத முன்னாடியே ரெண்டு கடிதத்துல எழுதினேன், போடல, இடம் இல்லாம இருந்திருக்கும், அத நான் கேக்கல.

நான் கேக்கறது சின்ன பெட்டிச்செய்திதான். 50 வயசுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு புற்றுநோய்ச் சங்கத்துல கிட் இலவசம், வருஷத்துக்கு ஒரு தடவ, ரெண்டு நாள் மலத்துல துளி எடுத்தா போதும், ரத்தம் தெரிஞ்சா குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்கற கொலோனோஸ்கோப்பிக்கு போகணும். பேசற தமிழ்ல மாசம் ஒரு தடவ போடுங்க. அண்ணன் முதல் பக்கம் மட்டும்தான் பாப்பார், முடிஞ்சா அங்கயே போடுங்க.

இப்படிக்கு,
யீஷூன் வாசகி